களம் இறங்காதவனின் சிவப்பு அட்டை

பன்னிரண்டு வருஷமாக நாட்டுக்காக விளையாடுகிறவன் என்று அக்கம்பக்கத்தில் அவனைப் பற்றிச் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. பன்னிரண்டு வருஷமாக நாட்டு அணியில் இருந்தான், விளையாடியதில்லை. அவன் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பருக்குக் காய்ச்சல் வந்தால், கால் பிசகினால், வீட்டில் விசேஷம் என்று லீவு போட்டால் இறங்க வேண்டியவன். அந்த முதல் கோல்கீப்பரோ கருங்கல்லில் செய்த ஆள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. அதனால் ஒவ்வொரு மேட்சிலும் இவன் கையுறையை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்காருவான். கடைசி விசில் ஊதியதும் கழற்றிப் பையில் போடுவான். அணியில் 'ரிசர்வ்' என்ற பெயரே அவனுக்கு நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் மட்டும் இருந்தது.

பந்தாட்டத்தை மட்டும் நம்பிப் பிழைக்கிற அளவுக்கு அந்த நாட்டில் பந்தாட்டம் வளரவில்லை. கேப்டன் வங்கியில் வேலை பார்த்தார். நடுக்களத்தில் ஓடுகிறவன் தபால் பட்டுவாடா செய்தான். ரிசர்வ் ஒரு டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். காலையில் பயிற்சி முடிந்ததும் குளித்துவிட்டு, தலையில் பலகை வைத்த அந்தச் சின்னக் காரில் இடது பக்கம் ஏறி உட்காருவான். தன் காலுக்குக் கீழே தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். பக்கத்தில் பயந்து வியர்க்கிற ஓர் ஆள். "நான் இருக்கேன்ல, ஓட்டுங்க" என்பதை ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்லுவான். சொல்வதில் அலுப்பு வந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அடுத்தவன் விடுகிற தப்பைத் தன் காலால் பிடித்து நிறுத்துவது அவனுக்குப் பழகிப்போன வேலை.

அணியில் பதினொன்றாம் நம்பர் சட்டைக்காரன் அவனுடைய தங்கையின் புருஷன். இடது ஓரத்தில் பந்தோடு பறக்கிறவன். எட்டு வயது இளையவன். கிளப் மைதானத்துக்கு அவனை முதன்முதலில் கூட்டிவந்தவனே ரிசர்வ்தான். பயிற்சி முடிந்து வீட்டுக்குச் சாப்பிட வரப்போகத் தங்கைக்கும் அவனுக்கும் பிடித்துப்போயிற்று. கல்யாணத்தன்று அம்மா ரிசர்வைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே வாடா போடான்னு பேசாதே. இந்த வீட்டு மாப்பிள்ளை" என்று கண்டித்துச் சொன்னாள். அன்றிலிருந்து ரிசர்வுக்கு இரண்டு நாக்கு. மைதானத்துக்குள் "ஓடுடா, பார்த்துக் குடுடா". வெளியே வந்து ஷூவைக் கழற்றினால், "வாங்க மாப்ளே, போலாமா?" அணி முழுக்க இதைச் சொல்லிச் சிரிக்கும்.

அந்த வருஷம் யாரும் எதிர்பாராத விதமாக நாட்டு அணி சர்வதேசப் போட்டிக்குத் தகுதி பெற்றது. சரித்திரத்தில் முதல் தடவை. ஒரு பிரிவுக்கு நான்கு அணிகள். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் அடுத்த சுற்றுக்குப் போகலாம். இவர்கள் பிரிவில் சிவப்புச் சட்டைக்காரர்கள் பெரிய கை. அவர்கள் முதலிடம் பிடிப்பார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வெள்ளைச் சட்டைக்காரர்கள் இவர்களைவிட நோஞ்சான். ஆகப் போட்டி, இரண்டாம் இடத்துக்காகப் பச்சைச் சட்டைக்காரர்களோடுதான்.

முதல் மேட்ச் பச்சையோடு. ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்தது. நாட்டில் தெருவெல்லாம் வெடி வெடித்தார்கள் என்று போனில் கேள்விப்பட்டார்கள்.

இரண்டாவது மேட்ச் சிவப்போடு. அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

ஒரு கோல் வாங்கி, எழுபதாவது நிமிஷம் வரை தாக்குப்பிடித்தார்கள். அப்போது கோச் மாப்பிள்ளையை வெளியே எடுத்தார். மாப்பிள்ளைக்கு முகம் கறுத்துவிட்டது. கோச் நீட்டிய கையைத் தட்டிவிட்டு வந்து பெஞ்சின் கடைசியில் ரிசர்வ் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டான். எண்பத்திரண்டாவது நிமிஷம் தபால்காரன் அடித்த பந்து வலைக்குள் போயிற்று. பெஞ்சே எழுந்து குதித்தது. அடுத்த நொடி, இவர்களுக்கு முன்னால் நின்ற எல்லைக்கோட்டு நடுவர் கொடியைத் தூக்கிவிட்டார். ஆஃப்சைடு. கோல் இல்லை.

மாப்பிள்ளை குனிந்து காலடியில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்ததை ரிசர்வ் பார்த்தான். குடிக்கத்தான் எடுக்கிறான் என்று நினைத்தான். முக்கால் பாட்டில் தண்ணீரோடு அது காற்றில் சுழன்று போய்க் கொடி பிடித்தவரின் காதோரம் பட்டது. அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

ஆட்டம் நின்றது. நான்காவது நடுவர் ஓடிவந்தார். மாற்று ஆட்டக்காரர்களைக் கவனிப்பது அவர் வேலை. ஆனால் அந்த நேரம் அவரும் கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் எறிஞ்சது?"

பெஞ்சில் ஏழு பேர். ஏழு பேரும் முழங்காலைப் பார்த்தார்கள். உண்மையில் பார்த்தவர்கள் மூன்றே பேர்: எறிந்தவன், பக்கத்தில் இருந்த ரிசர்வ், அந்த நொடியில் தற்செயலாகத் திரும்பிய கோச். கோச் ஒன்றும் சொல்லவில்லை. ரிசர்வின் முகத்தையே பார்த்தார். மாப்பிள்ளை துண்டுக்குள்ளிருந்து, உதடு அசையாமல், "மச்சான்… அடுத்த மேட்ச்" என்றான்.

அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. சிவப்பு அட்டை வாங்கினால் அடுத்த மேட்ச் ஆட முடியாது. மாப்பிள்ளை இல்லாமல் வெள்ளையை ஜெயிப்பதுகூடக் கஷ்டம். ரிசர்வ் ஆடாவிட்டால்? அவன்தான் எப்போதும் ஆடுவதில்லையே. இத்தனையும் அவன் யோசித்தானா என்றால் இல்லை. கார் சுவரைப் பார்த்துப் போகிறபோது கால் தானாகப் பிரேக்கை மிதிக்குமே, அப்படிக் கை தூக்கிவிட்டான்.

நடுவர் வந்து அவன் முகத்துக்கு நேரே சிவப்பு அட்டையை நீட்டினார். பன்னிரண்டு வருஷத்தில் டெலிவிஷன் காமிரா அவன் முகத்தை அருகில் காட்டியது அன்றுதான்.

ஒன்றுக்கு பூஜ்யம் என்று தோற்று, உடை மாற்றும் அறைக்கு வந்ததும் கோச் அவன் முதுகைத் தட்டினார். "பெரிய காரியம் பண்ணியிருக்கே. இந்த மூணு பேரோட இருக்கட்டும். போட்டி முடியட்டும், நானே பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டுச் சொல்றேன்."

மாப்பிள்ளை அவன் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரை ரிசர்வ் நம்பினான். பின்னால் யோசித்தபோதும் அது பொய்க் கண்ணீர் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு அது நிஜம்தான்.

மூன்றாவது மேட்சை ரிசர்வ் காலரியில் உட்கார்ந்து பார்த்தான். சாதாரணச் சட்டை, தலையில் தொப்பி. சுற்றிலும் கன்னத்தில் கொடி வரைந்துகொண்டு வந்த நம்மூர்க்காரர்கள். யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. இரண்டு நிமிஷம் டிவியில் வந்த முகம்தானே. அதே நேரத்தில் வேறு மைதானத்தில் சிவப்பும் பச்சையும் ஆடிக்கொண்டிருந்தன.

மாப்பிள்ளை அன்று பேய் பிடித்த மாதிரி ஆடினான். முதல் பாதியில் ஒரு கோல். இரண்டாம் பாதியில் நான்கு பேரைத் தாண்டிக்கொண்டு போய் இன்னொன்று. ரிசர்வ் தொப்பி கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் கத்தினான். 'நான்தான்டா இவனை இறக்கிவிட்டேன்' என்று உள்ளுக்குள் ஒரு குரல் கூத்தாடியது. வாழ்க்கையிலேயே அந்தத் தொண்ணூறு நிமிஷம்தான் தானும் ஒரு மேட்சில் ஆடியதாக அவனுக்குத் தோன்றியது.

இரண்டுக்கு பூஜ்யம். ஜெயித்துவிட்டார்கள். மைதானத்தில் ஆட்டக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். பச்சை அங்கே ஒரு கோலில் தோற்றுவிட்டது என்று செய்தி வந்ததும் காலரியே ஆடியது.

முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் ஆடவில்லை. மூக்குக்கண்ணாடி போட்டவள். போனில் பட்டியலை வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏன் உக்காந்திருக்கே? எழுந்திரு" என்றான் அவள் புருஷன்.

"இருங்க. நமக்கு நாலு பாயின்ட். அவங்களுக்கும் நாலு. நாம மூணு கோல் போட்டு ரெண்டு வாங்கியிருக்கோம். அவங்களும் அதே மூணு, அதே ரெண்டு."

"நமக்குள்ள ஆடின மேட்ச்?"

"அதுவும் சமன்."

"அப்புறம் எதை வச்சுப் பார்ப்பாங்க?"

"ஒழுக்கத்தை வச்சு. மஞ்சள் அட்டைக்கு ஒரு பாயின்ட் குறைப்பாங்க. நேரடிச் சிவப்புக்கு நாலு." அவள் மறுபடி எண்ணினாள். "அவங்க ஆறு மஞ்சள் வாங்கியிருக்காங்க. ஆறு போச்சு. நாம அஞ்சு மஞ்சள்தான்."

"அப்ப நாமதானே?"

"ஒரு சிவப்பு இருக்கே. மொத்தம் ஒன்பது."

பெரிய திரையில் அப்போதுதான் பட்டியல் வந்தது. சிவப்பு ஒன்று. பச்சை இரண்டு. மூன்றாவதாக இவர்கள் கொடி, அதன் மேல் சாம்பல் நிறம் பூசியிருந்தது. அடிபட்ட நாய் மாதிரி ஒரு சத்தம் காலரி முழுக்கக் கேட்டது. மைதானத்தில் புரண்டுகொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று திரையைப் பார்த்தார்கள்.

"எவன் அந்தச் சிவப்பு?" என்றான் அந்தப் பெண்ணின் புருஷன்.

"ஆடவே இல்லைங்க அந்த ஆளு. ரெண்டாவது கோல்கீப்பர். சும்மா உக்காந்திருந்தவன் பாட்டிலைத் தூக்கி அடிச்சான்."

"ஒப்புக்குச் சப்பாணியா வந்தவன், வாயை மூடிக்கிட்டு உக்கார வேண்டியதுதானே. அவன் கை அழுக."

ரிசர்வ் கீழே விழுந்த தொப்பியை எடுத்துத் தட்டி மாட்டிக்கொண்டான். படி இறங்குகிறபோது யாரோ ஒரு வயதானவர் அவன் தோளில் சாய்ந்து அழுதார். அவரை ஆறுதல் சொல்லித் தேற்றிவிட்டுத்தான் வெளியே வர முடிந்தது.

விமான நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. மாப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தோற்றுத் திரும்பிய அணிக்கு அவ்வளவு வரவேற்பு. ஏனென்றால் அது தோற்ற அணி இல்லை, ஒருத்தனால் கெட்ட அணி. பாதுகாப்பு அதிகாரி ரிசர்வின் முழங்கையைப் பிடித்து, "நீங்க இந்தப் பக்கம்" என்று சாமான் ஏற்றுகிற வாசல் வழியாக அனுப்பினார்.

கோச் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். சொன்னபடி கூப்பிட்டார். ஆனால் சொன்னபடி சொல்லவில்லை. "திறமைக்குக் குறைவில்லை. ஓரிருவரிடம் கட்டுப்பாடு குறைவு. அதைச் சரிசெய்வோம்" என்றார். அடுத்த வாரம் அவருடைய பதவிக்காலத்தை நான்கு வருஷம் நீட்டினார்கள்.

டிரைவிங் ஸ்கூலில் முதல் நாள் காரின் பின்கண்ணாடியில் யாரோ சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அதைக் கிழித்துப் போட்டான். மறுநாள் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். கத்தியால் சுரண்ட வேண்டியிருந்தது. சிக்னலில் நிற்கிறபோது பைக்கில் வருகிறவர்கள் கண்ணாடியைத் தட்டி, "மாஸ்டர், சிவப்பு. வெளிய போங்க" என்பார்கள். கற்றுக்கொள்ள வந்தவர்களில் நான்கு பேர் வேறு மாஸ்டர் கேட்டார்கள். முதலாளி நல்ல மனுஷர். அவனை நேராகப் பார்க்காமல், "கொஞ்ச நாள் ஆபீஸ்ல இருந்து விண்ணப்பமெல்லாம் எழுதிக்குடேன். வெயில்ல ஏன் அலையறே" என்றார்.

மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, வரைகிற பெட்டியிலிருந்து சிவப்புப் பென்சிலை மட்டும் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். அதைப் பார்த்த மனைவிக்குத் தாங்கவில்லை. அவளுக்கு மட்டும் அவன் உண்மையைச் சொல்லியிருந்தான்.

"ஊரே உங்க மேல காறித் துப்புது. உங்க மாப்பிள்ளை கடை திறப்புக்கு ரிப்பன் வெட்டிக்கிட்டுத் திரியறார். இன்னும் எத்தனை நாள் வாயில பூட்டுப் போட்டுட்டு இருக்கப்போறீங்க?"

"அவரே சொல்லுவாரு. நாம சொன்னா நல்லா இருக்காது."

"எப்போ? நம்ம பொண்ணு பள்ளிக்கூடத்துப் பக்கமே போகமாட்டேன்னு சொன்ன பிறகா?"

அவன் மாப்பிள்ளைக்குப் போன் செய்தான். "பேசறேன் மச்சான். வெளிநாட்டு கிளப் ஒண்ணு கூப்பிட்டிருக்கு. கையெழுத்து ஆகட்டும்." அடுத்த வாரம் செய்தான். "ஷூட்டிங்ல இருக்கேன் மச்சான், சோப்பு விளம்பரம். சாயங்காலம் கூப்பிடறேன்." சாயங்காலம் தங்கைதான் கூப்பிட்டாள், அம்மாவின் மூட்டுவலியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் பந்தாட்டச் சம்மேளனத்திலிருந்து கடிதம் வந்தது. பாட்டில் சம்பவம் குறித்து ஒழுங்கு விசாரணை. விளக்கம் அளிக்க நேரில் வரவும். சாட்சிகளாகக் கோச்சுக்கும் மாப்பிள்ளைக்கும் அழைப்பு போயிருந்தது.

இந்தத் தடவை மாப்பிள்ளையே போன் செய்தான். "மச்சான், நீங்க ஆரம்பிங்க. நடந்ததைச் சொல்லுங்க. அவங்க என்னைக் கேட்பாங்கள்ல, நான் ஆமான்னு சொல்லிடறேன். எனக்கும் நெஞ்சுல கல்லு மாதிரி இருக்கு."

ரிசர்வ் அன்று நன்றாகத் தூங்கினான். காலையில் மனைவி சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

நீள மேஜை. நடுவில் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி. இரு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். அந்தப் பதிவை ஓட்டினார்கள். கொடி உயர்கிறது. பெஞ்சின் கூரை நிழலுக்குள்ளிருந்து பாட்டில் பறந்து வருகிறது. எறிந்த கை தெரியவில்லை. பிறகு ரிசர்வ் எழுந்து கை தூக்குவது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"நீங்க சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?" என்றார் தலைவர்.

"பாட்டிலை நான் எறியல ஐயா."

உறுப்பினர்கள் நிமிர்ந்தார்கள்.

"கையைத் தூக்கினது நீங்கதானே?"

"ஆமாம் ஐயா. அடுத்த மேட்ச்ல அவர் ஆடணும்னு நான் ஏத்துக்கிட்டேன்."

"எவர்?"

ரிசர்வ் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டான். "என் தங்கச்சி வீட்டுக்காரர்" என்றான்.

தலைவர் கோச்சைப் பார்த்தார். கோச் தொண்டையைச் செருமினார். "நான் ஆட்டத்தைப் பார்த்துட்டிருந்தேன். பெஞ்சுல நடந்தது எனக்குத் தெரியாது. அவர் கை தூக்கினார், அதைத்தான் அறிக்கையில எழுதினேன்."

பிறகு மாப்பிள்ளை. புதுக் கோட்டு போட்டிருந்தான். எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ரிசர்வ் அவன் முகத்தையே பார்த்தான். அவன் சுவரில் மாட்டியிருந்த பழைய கோப்பைகளின் படத்தைப் பார்த்தபடி பேசினான்.

"அவர் என் மச்சான். இந்த விளையாட்டை எனக்குச் சொல்லிக்குடுத்தவரு. அவருக்கு எதிரா பேச எனக்கு வாய் வரல. பன்னிரண்டு வருஷம் ஒரு மேட்ச் கிடைக்கல. அந்த ஆத்திரம் ஒரு நாள் வெடிச்சிடுச்சு. இப்போ ஊர்ப் பேச்சு தாங்காம ஏதோ சொல்றாரு. எதையும் மனசுல வச்சுக்காதீங்க. கொஞ்சம் இரக்கம் காட்டுங்க. அவ்வளவுதான் நான் கேட்டுக்கறது."

பெண் உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாப்பிள்ளையின் பெருந்தன்மை எல்லோரையும் உருக்கிவிட்டது. தலைவர் ரிசர்வைப் பார்த்த பார்வையில் இருந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு. சொந்தத் தங்கையின் வாழ்க்கையைக் கெடுக்க வந்தவனைப் பார்க்கிற பார்வை.

"வேற ஏதாவது?" என்றார்.

ரிசர்வுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. "இல்லை" என்று தலையாட்டினான்.

மாடிப்படியில் மாப்பிள்ளையை மறித்தான். கல்யாணமான பிறகு மைதானத்துக்கு வெளியே அந்தச் சொல் அன்றுதான் அவன் வாயில் வந்தது.

"ஏன்டா?"

மாப்பிள்ளை மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டான். "கிளப்போட மெடிக்கல் டெஸ்ட் எல்லாம் முடிஞ்சிருச்சு மச்சான். ஒழுங்கு நடவடிக்கைன்னு ஒரு வரி எம்மேல வந்தா அந்த கிளப் காகிதத்தைக் கிழிச்சுடும்னு ஏஜென்ட் காலைல சொன்னான். நான் என்ன பண்ணட்டும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு இதுல என்ன போச்சு?"

ரிசர்வ் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. அடித்தால், பாட்டிலை எறிந்தவன் இவன்தான் என்பதற்கு அந்தப் படிக்கட்டே சாட்சியாகிவிடும். கையை இறக்கிக்கொண்டு வழிவிட்டான்.

தீர்ப்பு பத்து நாளில் வந்தது. இரண்டு வருஷத் தடை. குற்றத்தைப் பிறர்மேல் சுமத்த முயன்றதற்காக மேலும் ஒரு வருஷம். அவனுக்கு வயது முப்பத்தாறு. அதற்கு மேல் கணக்குப் போட எதுவும் இல்லை.

தங்கை ஒரு மத்தியானம் வந்தாள். மனைவி பக்கத்துக் கடைக்குப் போயிருந்தாள். தங்கை உட்காரவில்லை. கையில் சாவிக்கொத்து.

"வெள்ளிக்கிழமை கிளம்பறோம் அண்ணா. வீட்டுச் சாவி உன்கிட்ட இருக்கட்டும். வாரத்துல ஒரு நாள் திறந்து காத்தாட விடு."

அவன் சாவியை வாங்கவில்லை. "பாட்டிலை எறிஞ்சது யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

அவள் அழுவாள், இல்லாவிட்டால் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தான். "நீ பொய் சொல்ற" என்று கத்தியிருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பான். அவள் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தாள்.

"தெரியும். அன்னைக்கே போன்ல சொல்லிட்டார்."

"தெரிஞ்சுமா இத்தனை நாள்…"

"அண்ணா, நான் ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதே. இது நடக்கலேன்னா நீ இன்னும் எத்தனை வருஷம் ஆடியிருப்பே? ஆடவா போற? உக்காந்திருப்பே. அவருக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு. எனக்கும் அதுல ஒரு வாழ்க்கை இருக்கு. நீ எப்பவும் எனக்காக விட்டுக்குடுப்பே. இதையும் குடுத்ததா நினைச்சுக்கோ."

"நான் குடுக்கலைம்மா. நீங்க எடுத்துக்கிட்டீங்க."

அவள் "அப்படியே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். தெருமுனை திரும்புகிற வரை அவன் பார்த்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியை மனைவி மறுநாள் ஓர் உறையில் போட்டு, அம்மா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அப்புறம் ஒரு நிருபர் வந்தார். ரிசர்வ் எல்லாவற்றையும் சொன்னான். நான்காம் பக்கத்தில் ஒரு மூலையில் போட்டார்கள்; தலைப்பில் ஒரு கேள்விக்குறி சேர்த்து. கீழே வாசகர்கள் எழுதினார்கள்: பொறாமை. வயிற்றெரிச்சல். சொந்த மாப்பிள்ளை முன்னேறுவது பொறுக்கவில்லை. மனைவி அந்தப் பக்கத்தை மடித்து அலமாரியில் வைத்தாள். மகள் பெரியவளானதும் படிக்கட்டும் என்றாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வருஷக் கடைசியில் உலகத் தரவரிசைப் பட்டியல் வெளியாயிற்று. இவர்கள் நாடு ஒன்பது இடம் மேலே ஏறியிருந்தது. பெரிய அணியிடம் ஒரே கோலில் தோற்றதும், இரண்டு கோலில் ஜெயித்ததும் சேர்ந்து ஏற்றிவிட்டதாம். சம்மேளனம் அதற்கு ஒரு புத்தகம் போட்டது. இதுவரை அணியில் இருந்த எல்லோருடைய விவரமும் அதில் இருந்தது. டிரைவிங் ஸ்கூல் முதலாளி ஒரு பிரதி வாங்கிவந்து, ரிசர்வின் பெயர் இருந்த பக்கத்தை எடுத்துக் காட்டினார். நல்லெண்ணத்தில்தான் காட்டினார். ஆடிய போட்டிகள்: இல்லை. மஞ்சள்: இல்லை. சிவப்பு: ஒன்று.

ஜனங்களுக்கு மறதி வந்ததும் முதலாளி அவனை மறுபடியும் காரில் ஏற்றினார். அத்தோடு இன்னொன்றும் செய்தார். மாப்பிள்ளை வெளிநாட்டு கிளப் சட்டையில் கோல் போட்டுக் கை விரித்து ஓடுகிற படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து, ஆபீஸ் வாசலில் ஒட்டினார். கீழே கொட்டை எழுத்தில்: 'நம்ம மாஸ்டரின் மாப்பிள்ளை'. விண்ணப்பங்கள் இரண்டு மடங்காயின. அவர் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். அதை எடுங்கள் என்று சொல்ல ரிசர்வ் இரண்டு தடவை அவர் அறை வரைக்கும் போனான்; இரண்டு தடவையும் வேறு எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினான்.

புதிதாகச் சேர்ந்த ஓர் அம்மாள், மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர், முதல் நாள் காரில் ஏறியதும் சீட்பெல்ட்டைக்கூடப் போடவில்லை.

"மாஸ்டர், அவர் நிஜமாவே உங்க சொந்தமா?"

"தங்கச்சி வீட்டுக்காரர்."

"எவ்வளவு குடுத்து வச்சவர் நீங்க. ஆளு பழக எப்படி?"

ரிசர்வ் குனிந்து தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டான். வெளியே வாசலில் அந்தப் படத்தோடு சேர்ந்து நின்று இரண்டு பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கிளட்ச்சை முழுசா மிதிங்க" என்றான். "இன்னும் கீழே."